வெள்ளாவி வைத்த வசவுகள்

உடுமலைப்பேட்டையிலே நம் தோழர்கள் நடத்தும் படிப்பகத்தில் சென்ற திங்கள் நடந்த நிகழ்ச்சி இது. சிறு நிகழ்ச்சிதான். ஆனால் செருப்புக்குள் புகுந்த சிறு கல்லைப்போல் நடக்க நடக்க உறுத்திக் கொண்டேயிருக்கிறது, ஆகவே எழுதுகிறோம்.

மாலைப் பொழுது. மேசையின்மீது நாளேடுகள். இளந்தோழர் ஒருவர், பொறியியல் பயின்றவர், சாதி ஒழிப்பென்றால் மேடை அதிர முழங்குபவர், தம்மோடு வாதிட்ட இன்னொருவரைப் பார்த்து, “பிளடி ராஸ்கல்!” என்று சீறினார். வாயிற்படியருகே அமர்ந்து ஏடு படித்துக் கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். “ஏனுங் தம்பி, படிப்பகத்துக்குள்ளார இப்பிடிப் பேசலாமுங்களா?” என்று கேட்டார். தோழர் சற்றும் கூசவில்லை. “தமிழ்ல சொன்னாத்தானுங்க அது கெட்ட வார்த்தை. இது இங்கிலீசுங்க ஐயா!” என்றார்; சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தனர். பெரியவர் மீண்டும் ஏட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக் கொண்டார்.

இது இங்கிலீசு! என்னே விளக்கம்! என்னே வியாக்கியானம்! தமிழிலே சொன்னால் சாக்கடை. ஆங்கிலத்திலே சொன்னால் பன்னீர்! அழுக்குத் துணியை வெள்ளாவியில் வைத்து எடுப்பதுபோல் வசவை ஆங்கிலத்தில் முக்கி எடுத்தால் வெளுத்துவிடும் என்ற எண்ணம் அந்தத் தோழர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அந்தக் காலத் திரைப்படத்திலே பட்டு அங்கி போர்த்த பணக்காரத் தந்தை, மகனின் காதலைக் கேட்டதும் மாடிப்படியில் நின்று “கெட் அவுட், ராஸ்கல்!” என்று கர்ச்சித்த நாள்தொட்டு, ஆங்கில வசவு நமக்குப் படித்தவரின் அணிகலனாகிவிட்டது. அலுவலகத்திலே மேலாளர் “இடியட்” என்றால் கண்டிப்பு. அதே மேலாளர் தமிழிலே ஒன்று சொன்னால் ரகளை.

நாம் இங்கே இன்சொல் இயம்புக என்று உபதேசம் செய்ய வரவில்லை. அந்தத் தொழிலுக்குக் காவி கட்டியவர்கள் இருக்கிறார்கள். கோபம் கொள்ளாதே என்றும் சொல்லவில்லை. கொள்ள வேண்டிய இடத்தில் கோபம் கொள்ளாதவன் சீர்திருத்தக்காரனாக முடியாது. நாம் கேட்பது வேறு. பகுத்தறிவாளன் கோயிலுக்குள் எதை வைத்திருக்கிறார்கள் என்று திறந்து பார்க்கிறான். சாத்திரத்தைப் புரட்டிப் பார்க்கிறான். தன் வாயிலிருந்து உதிரும் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் ஏன் திறந்து பார்ப்பதில்லை?

திறந்து பார்ப்போம்.

‘ராஸ்கல்’ என்றால் என்ன? பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த சொல். முதற்பொருள் அயோக்கியன் அன்று. கும்பல், கீழ்மக்கள் கூட்டம். வேட்டையாடும் பிரபு, அம்பு செலவழிக்கத் தகாதது என்று ஒதுக்கிய நோஞ்சான் மானுக்கும் அதே பெயர்தான். அதாவது, ஏழையாகப் பிறந்ததுதான் குற்றம். பிற குற்றங்களெல்லாம் பின்னால் ஏற்றப்பட்டவை. 

‘வில்லன்’ இன்னும் வேடிக்கை. பண்ணையைக் குறிக்கும் ‘வில்லா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பிரபுவின் நிலத்தோடு கட்டுண்டு கிடந்த பண்ணையாளுக்கு அதுதான் பெயர். உழுதவன் வில்லன்! உழுதவனின் உழைப்பை உண்டவன் கனவான்! நல்லவேளை, நம் திரைப்படக்காரர்கள் தம்மையறியாமலே ஒரு திருத்தம் செய்தார்கள்: நம் படங்களிலே வில்லன் பெரும்பாலும் பண்ணையார். பண்ணையாளுக்குச் சூட்டிய இழிபெயர் கடல் கடந்து வந்து பண்ணையாரின் தலையில் விழுந்தது!

‘பூர்’ என்று ஒரு சொல்லுண்டு. நாகரிகமறியாத முரடன் என்று பொருள். டச்சு மொழியில் அதன் உறவுச்சொல்லுக்கு உழவன் என்று பொருள். அமராவதித் தண்ணீரிலே வெள்ளாமை செய்து வாழும் ஊரில், அந்த வெள்ளாமையை விற்றுக் கல்லூரிக் கட்டணம் கட்டிய தந்தைக்குப் பிறந்த பிள்ளை, ஒருவனை உழவனே என்று ஆங்கிலத்தில் ஏசிவிட்டு நாகரிகமடைந்ததாக நெஞ்சு நிமிர்த்துகிறான். நம்மவரின் ‘பட்டிக்காட்டான்’ மட்டும் என்னவாம் என்று கேட்பீர்கள். ஒன்றும் உயர்வில்லை. ஒரே அச்சில் வார்த்த இரண்டு காசு.

இனி மதத்தின் பக்கம் திரும்புவோம். நமக்குப் பழக்கப்பட்ட தெரு.

இங்கிலாந்திலே 1606இல் ஒரு சட்டம் வந்தது. நாடக மேடையில் கடவுளின் பெயரை விளையாட்டாக உச்சரித்தால் பத்துப் பவுன் தண்டம். அப்படிப்பட்ட அச்சம் நிலவிய நாட்டிலே மக்கள் கடவுளின் பெயரைத் திரித்துத் திரித்து வசவாக்கினார்கள். ‘காட்’ என்பது ‘காஷ்’ ஆயிற்று. ‘ஜீசஸ்’ என்பது ‘ஜீ’ ஆயிற்று. ‘டாம்’ என்றால் நரகத்தில் விழுக என்று சாபம். நரகமே இல்லை என்று நாற்பது கூட்டத்தில் பேசிய தோழர், மிதிவண்டிச் சங்கிலி கழன்றதும் அதை நரகத்துக்கு அனுப்புகிறார்! கைப்பேசியிலே கடவுளை மறுத்து நான்கு பக்கம் எழுதிவிட்டு, அடுத்த செய்திக்கு ‘ஓ மை காட்’ போடுகிறார்!

‘பக்கர்’ என்னும் சொல்லைப் பாருங்கள். ஈழத்திலும், ஆங்கிலோ இந்தியர் பேச்சிலும், ‘ஆள்’ என்பதுபோல் வெகு இலேசாகப் புழங்கும் சொல். “அந்தப் பக்கர் வரவில்லையா?” என்பார்கள். அதன் வேர் பல்கேரியா! பல்கேரிய நாட்டிலே பத்தாம் நூற்றாண்டில் ஒரு கூட்டம் புறப்பட்டது. குருமாரின் ஆடம்பரத்தை மறுத்தது, சிலுவையை வணங்க மறுத்தது. அக்கொள்கையின் சாயல் தென் பிரான்சிலும் பரவிற்று. திருச்சபை சும்மா இருந்ததா? போப்பாண்டவரின் அழைப்பிலே படை கிளம்பி, 1209இல் பெசியே நகருக்குள் புகுந்து ஊரையே கொன்று குவித்தது. உடலைக் கொன்றால் போதாதென்று பெயரையும் கெடுத்தார்கள். மறுப்பாளர் அனைவரும் ‘பல்கேரியர்’. பல்கேரியர் அனைவரும் முறைகெட்ட புணர்ச்சிக்காரர்! வாதத்தில் வெல்ல முடியாதவன் கையிலெடுக்கும் வழக்கமான கல். அந்தக் கல்லிலே தன்பால் ஈர்ப்புடையோரும் சேர்ந்து அடிபட்டனர். அவர்களைக் குற்றவாளிகளல்லர் என்று இந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2018 ஆகவேண்டியிருந்தது.

ஆக, ‘பக்கர்’ என்று வாய் குளிரச் சொல்லும் நாத்திகத் தோழர், எட்டு நூற்றாண்டுக்கு முன் நாத்திகனைப்போலவே வேட்டையாடப்பட்டவனை, வேட்டையாடியவனின் வாயால் திட்டுகிறார். சென்னைத் தெருவிலே புழங்கும் ‘பேமானி’யும் அப்படித்தான். பாரசீகம் வழி வந்த சொல். ஈமான் இல்லாதவன், நம்பிக்கையற்றவன் என்று பொருள். நம்பாதவன் அயோக்கியன் என்பது எல்லா மதத்தாருக்கும் பொதுவான அகராதி! அப்பொருளில் நாமெல்லாம் பேமானிகளே; பட்டத்தை ஏற்பதில் நமக்கு யாதொரு தடையுமில்லை. ‘கஸ்மாலம்’ என்ற சொல்லையோ கேட்கவே வேண்டாம். சேரிப் பேச்சு, சேரிப் பேச்சு என்று மூக்கைப் பொத்துகிறார்களே, அந்தச் சொல் வடமொழி. கீதையின் இரண்டாம் அத்தியாயம், இரண்டாம் சுலோகம். அர்ச்சுனனைப் பார்த்துக் கண்ணன் மொழிந்தது! அவன் சொன்னால் வேதாந்தம். ரிக்சாக்காரர் சொன்னால் வேசைப்பேச்சு!

இவ்விடத்தில் ‘பிளடி’க்கு ஒரு வார்த்தை. இரத்தம் தோய்ந்த என்பதே நேர்ப்பொருள். மாதாவின் பெயரைத் திரித்து வந்ததென்று சிலர் கதை கட்டினார்கள். சொல்லாராய்ச்சியாளர் அதனை ஏற்பதில்லை. 1914 ஏப்ரலில் இலண்டன் மேடையிலே பெர்னாட்சாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில் பூக்காரப் பெண்ணாக நடித்த நடிகை இச்சொல்லை உச்சரித்தபோது, இலண்டனே காது பொத்திக் கலகலத்தது. ஏன்? தெருவிலே நாள்தோறும் ஒலிக்கும் சொல்தானே? சீமாட்டி வேடம் கட்டிய வாயிலிருந்து தெருச்சொல் வந்துவிட்டது என்பதுதான் அதிர்ச்சி. பேச்சின் ஒலியை வைத்தே மனிதனைச் சேரி என்றும் மாளிகை என்றும் பிரிக்கும் சமுதாயத்தைத்தான் சா அந்த நாடகத்தில் தோலுரித்தார். அவர்களுக்கு அது ஏழையின் வாய்நாற்றம்; நமக்கோ படித்தவனின் வாய்மணம்! ஒரே சொல்தான், தோழர்களே; கப்பல் ஏறியதும் சாதி மாறிவிட்டது!

‘பாஸ்டர்ட்’ என்ற சொல்லுக்கு வருகிறோம். இதிலே நகைப்பதற்கு ஒன்றுமில்லை. பிரெஞ்சிலே பொதிச்சேணத்தின் பிள்ளை என்று ஒரு வழக்கு. வழிப்போக்கன் சேணத்தைப் படுக்கையாக்கிய இரவில் பிறந்த குழந்தை என்பது குறிப்பு. குற்றம் செய்ததாகச் சொல்லப்படுகிறவன் யாரோ. ஏச்சு குழந்தைக்கும் தாய்க்கும். நம் மொழியிலே இதற்கு ஈடான வசவு, கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடப்பட்ட பெண்ணின் பெயரிலிருந்து செய்யப்பட்டது. ஆண்டவனுக்கு அடியவள் என்று கட்டிவைத்தவர்களும் அவர்களே. அப்பெயரையே வசவாக வீசியவர்களும் அவர்களே! முத்துலட்சுமி அம்மையாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடி, 1947இல் சட்டம் வந்து பொட்டுக் கட்டும் வழக்கம் ஒழிந்தது. வசவு ஒழிந்ததா?

நம் இளைஞர் பலர் அறியாத செய்தி ஒன்றைச் சொல்லுகிறோம். புரோகிதன் இன்றி, தீவலம் இன்றி, மாலை மாற்றி மணந்துகொண்ட சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொருள் என்ன? அவ்வாறு மணந்த ஆயிரமாயிரம் தோழர்களின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறையற்ற பிள்ளைகள்! ‘பாஸ்டர்ட்’ என்று யாரும் தெருவில் கத்தவில்லை. நீதிமன்றத்தின் நல்ல ஆங்கிலத்திலே நாசூக்காகச் சொல்லப்பட்டது, அவ்வளவே. அண்ணாவின் அரசு 1967இல் சட்டம் இயற்றி, முன்னர் நடந்தவற்றுக்கும் சேர்த்துச் செல்லுபடி தந்தபோதுதான் அந்தக் கறை துடைக்கப்பட்டது. அந்தத் திருமணங்களில் ஒன்றில் பிறந்த தந்தைக்கு மகனாயிருக்கக் கூடும் இன்று அச்சொல்லை எடுத்து வீசுகிறவன்.

உடுமலையில் நின்று தெற்கே பார்த்தால் ஆனைமலை. அந்த மலைமீது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே துரைமார் காடழித்துத் தோட்டம் போட்டார்கள். கங்காணி கைகாட்டிய ஏழைகள் மலையேறினார்கள். அவர்களுக்குப் பெயர் உண்டா? ‘கூலி’! வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய புதினம் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வந்திருக்கிறது, படியாதவர் படிக்க. செய்த வேலைக்குப் பெறும் ஊதியத்தைக் குறித்த நம் நல்ல தமிழ்ச்சொல்லே இது என்பர் ஒரு சாரார். குசராத்தின் ‘கோலி’ இனப் பெயர் என்பர் மற்றொரு சாரார். எதுவாயினும் ஆகுக. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற ‘துரூரோ’ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆள் இறக்கிய நாள்முதல், அந்நாட்டிலே இந்தியன் என்றாலே கூலி. பாரிஸ்டர் பட்டம் பெற்றுச் சென்ற காந்தியாரும் ‘கூலி பாரிஸ்டர்’தான்! இன்றும் அங்கே அச்சொல் கைகலப்புக்குரிய வசவு. ஊதியம் என்ற பொருளுடைய சொல் வசவானது எப்படி? உழைத்துப் பிழைப்பது இழிவு என்று கருதும் கூட்டத்தின் வாய்ப்பட்டதால்.

இதுவரை சொன்னவை வந்தவையும் போனவையும். வந்து, நம் ஊரிலே சாதிச்சேற்றில் புரண்டு, புதிதாக வசவான ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. ‘காலனி’! இலத்தீனிலே உழுபவனைக் குறிக்கும் சொல்லின் வழி வந்தது; உழவர் குடியேற்றம் என்பது பழம்பொருள். பெருநகரிலே ‘காலனி’ என்றால் தோட்டம் சூழ்ந்த வீடுகள், வாடகை அதிகம். கொங்குச் சிற்றூரிலே ‘காலனி’ என்றால் ஊருக்கு வெளியே, பள்ளத்திலே, பட்டியலினத்தார் வாழும் தெரு. ‘காலனிக்காரன்’ என்றால் அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சேரி என்று சொல்ல நாக்கூசுகிறவர்களுக்கு வெள்ளாவி வைத்த ஆங்கிலச் சொல் கிடைத்தது. அச்சொல் இழிவின் அடையாளமாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியதாயிற்று.

கொங்குத் தமிழின் ‘ங்க’ உலகறிந்தது. ‘வாங்க’, ‘சொல்லுங்க’, ‘ஏனுங்க’! தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக்கூடக் ‘கண்ணு’ என்றும் ‘அம்முணி’ என்றும் கொஞ்சும் நாக்கு. நமக்கும் அது தாய்நாக்குதான், பெருமைதான். ஆனால் அந்த ‘ங்க’ எங்கே நின்று போகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? எழுபது வயது முதியவர், பண்ணையிலே தேய்ந்தவர், பத்து வயதுச் சிறுவனைச் ‘சாமி’ என்று விளித்துக் கைகட்டுவார். அந்தச் சிறுவன் அவரை ‘வாடா, போடா’ என்பான். அதிலே கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை! எந்த அகராதியும் ‘வாடா’வை வசவென்று குறிக்கவில்லை! கெட்ட வார்த்தைகளைப் பற்றியே நூல் எழுதிய கொங்கு நாட்டு எழுத்தாளர் பெருமாள்முருகன், உடலுறுப்பின் பெயர் கெட்ட வார்த்தையானது எப்படி என்று நம்மைச் சிந்திக்க வைத்தார். நாம் அதனோடு ஒன்று சேர்க்கிறோம்: நல்ல வார்த்தைகளின் வரிசையிலே ஒளிந்திருக்கும் வசவுகளையும் எண்ணுக.

2016 மார்ச் 13ஆம் நாள், இதே உடுமலைப்பேட்டையின் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், பலர் பார்த்திருக்க, சாதி கடந்து மணந்த இருபத்திரண்டு வயதுப் பொறியியல் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். உடன் நின்ற மனைவியும் வெட்டுண்டார். கண்காணிப்புக் கருவியில் பதிவான அந்தக் காட்சியை நாடே கண்டது. ஒருவன் தாழ்ந்தவன் என்பது அரிவாள் கற்பித்த பாடமன்று. தொட்டில்தொட்டு நாக்கு கற்பித்த பாடம். படிப்பகத்திலிருந்து அந்த இடம் வெகு தொலைவில்லை. நம் தோழர் நாள்தோறும் அவ்வழியாகத்தான் வருகிறார்.

“சொல்லின் பிறப்பைத் தோண்டிக்கொண்டிருந்தால் எந்தச் சொல்லையும் பேச முடியாதே! இன்று யார் பல்கேரியரை நினைத்துப் ‘பக்கர்’ என்கிறார்கள்?” என்று அந்தத் தோழர் நம்மிடம் பிறகு கேட்டார். நல்ல கேள்வி; விடையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆம், சொல்லுக்குப் பொருள் மாறும். பல்கேரியர் இன்று யார் காலடியிலும் இல்லை. ‘வில்லன்’ என்றால் எந்தப் பண்ணையாளும் புண்படப்போவதில்லை. ‘பிளடி’யும் போகட்டும், அதனால் பெரியவரின் காது நோகுமே தவிர யாருடைய முதுகும் கூனாது. மிதிபட்டவன் எழுந்து போய்விட்ட இடத்தில் சொல் வெறும் ஓடு. அவன் இன்னும் மிதியடியின் கீழேயே கிடந்தால்? அப்போது அது ஓடன்று, ஆணி.

அப்படி ஓர் ஆணி உண்டு. ஆங்கிலத்திலே உண்டு. அதை ஆங்கிலத்துக்குக் கொடுத்தவர்களும் நாமே!

‘பரையா.’ நம் ‘பறையர்’ என்ற சொல். பறை முழக்குவோர். மாங்குடி கிழார் பாடிய புறநானூற்றின் 335ஆம் பாட்டிலே, குடிகளென்று எண்ணத்தக்க நான்கினுள் ஒன்றாக மதிப்போடு வைக்கப்பட்ட பெயர். பறை என்றால் சொல்லுதல் என்றும் பொருள். மலையாள மக்கள் இன்றும் அப்படித்தான் வழங்குகிறார்கள். அந்தப் பெயரைப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலேயன் தன் ஏட்டில் ஏற்றினான். சாதி இந்து சொல்லிக் கொடுத்த பொருளோடு ஏற்றினான்! பிறகு ஆளில்லாத் தெருநாய்க்கு அந்தப் பெயர். குப்பையில் இரைதேடும் பருந்துக்கு அந்தப் பெயர். மட்டமான சாராயத்துக்கும் அந்தப் பெயர். இன்று, உலக நாடுகள் ஒதுக்கிவைத்த கொடுங்கோல் நாட்டுக்கு அந்தப் பெயர்! அணுகுண்டு செய்தவன் ‘பரையா’, படையெடுத்தவன் ‘பரையா’. கொலைகாரக் கொடுங்கோலனுக்கு வசைபாட ஒரு பெயர் தேடி, யாரையும் கொல்லாத, யார் நாட்டையும் பறிக்காத உழைக்கும் மக்களின் பெயரை எடுக்கிறார்கள்.

இந்தப் பெயரைச் சுற்றி நம் நாட்டிலே நடந்த போர் சாதாரணமானதன்று. இரட்டைமலை சீனிவாசனார் கோவையிலே படித்த காலத்தில், சாதி தெரிந்துவிடுமோ என்றஞ்சிப் பிற மாணவரோடு பழகாமல் ஒதுங்கியிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் செல்வது வழக்கம் என்று தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கோவையிலே ஒளித்த அந்தப் பெயரையே 1893இல் ‘பறையன்’ என்று இதழின் முகப்பிலே பொறித்து அவர் நிமிர்ந்தார். 1922இலே எம்.சி. இராசா அவர்களின் முயற்சியால், அரசு ஆவணங்களில் அப்பெயர் நீங்கி ‘ஆதி திராவிடர்’ என்றாயிற்று. 1929இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிப் பட்டத்தை அறுத்தெறியச் சொன்னது. பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்திலே பட்டியலினத்தாரைச் சாதிப்பெயர் சொல்லித் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இவ்வளவுக்கும் பிறகு, ஆங்கில நாளேடு அதே பெயரை நம் வீட்டு வாயிலில் காலைதோறும் வீசிவிட்டுப் போகிறது. நாம் அதை ‘நல்ல ஆங்கிலம்’ என்று அடிக்கோடிட்டுப் படிக்கிறோம். போட்டித் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோம்!

நிகழ்ச்சியின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறோம். “பிளடி ராஸ்கல்” என்ற தோழர், அன்று எதைப்பற்றி வாதிட்டுக் கொண்டிருந்தார் தெரியுமா? உலக அரசியல். ஒரு நாட்டைக் குறிப்பிட்டு, அது ‘பரையா ஸ்டேட்’ ஆகிவிட்டது என்று ஆணித்தரமாகச் சொன்னார். அதைத்தான் எதிரிலிருந்த தோழர் தடுத்து, “அந்தச் சொல் வேண்டாம்” என்றார். தடுத்தவர் அந்த மக்களுள் ஒருவர். அதற்குத்தான் வந்தது வசவு. பெரியவர் கேட்டது வசவை மட்டும். அதற்கு முந்திய சொல்லை அவரும் கேட்கவில்லை, நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. சிரித்தவர்களிலே நாமும் இருந்தோம்.

அடுத்த வாரம் தோழர் தாமே வந்தார். மேசையில் கிடந்த பழைய ஆங்கில ஏடுகளைப் புரட்டிச் சிவப்பு மையால் வட்டமிட்டார். மூன்று திங்களின் ஏடுகளில் பதினொரு வட்டம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஏட்டாசிரியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதினார். ‘ஒதுக்கப்பட்ட நாடு’ என்று சொல்ல ஆங்கிலத்தில் வேறு சொற்கள் இல்லையா என்பதே அதன் கேள்வி. சொற்கள் நான்கையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நகல் படிப்பகத்துப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. கையொப்பமிட விரும்பும் தோழர்கள் மாலை ஆறு மணிக்குமேல் வரலாம்.